துரியோதனன் கன்னத்தில் ஒரு மரு

இருசப்பன்: இப்பல்லாம் எவனும் ரெண்டு கண்ணால பாக்கறதில்ல. ஒரு கண்ண மூடிக்கினு போட்டோ பொட்டி வழியாத்தான் பாக்கறான். பௌர்ணமிக்கு மலை சுத்த வர்றவனும் அப்பிடித்தான். கற்பூரம் காட்றப்ப கை கூப்பறவனே கம்மி ஆயிட்டான். ரெண்டு கையும் பொட்டிய புடிச்சிக்கினு இருக்குது, எங்கேருந்து கூப்பறது...

சிந்துஜா: என்னைத்தான சொல்றீங்க ஐயா?

இருசப்பன்: பொதுவா சொன்னேன். குத்துச்சின்னா எடுத்துக்கோ... ஏ, அங்க மிதிக்காத. அது துரியோதனன் சுண்டு வெரலு.

சிந்துஜா: ஐயோ. கவனிக்கல.

இருசப்பன்: முப்பத்தாறு அடி ஆளு மல்லாக்க படுத்திருக்கான், கவனிக்கலன்றா. பதினாறு வண்டி ஏரி மண்ணும்மா.

சிந்துஜா: முப்பத்தி நாலரை அடி. நேத்து டேப் வெச்சு அளந்தேன்.

இருசப்பன்: என் காலடிக்கு முப்பத்தாறு. உன் டேப்பு எந்தூரு ஆளு காலு?

சிந்துஜா: சரி, ரெண்டையும் எழுதிக்கறேன். டேப்புக்கு முப்பத்தி நாலரை. இருசப்பன் ஐயா காலுக்கு முப்பத்தாறு.

இருசப்பன்: என் கால மொதல்ல எழுது.

சிந்துஜா: எழுதிட்டேன். ஐயா... அந்த ஈரச் சாக்கை அஞ்சே அஞ்சு நிமிஷம் எடுத்தீங்கன்னா, மூஞ்சிய மட்டும் ஒரு...

இருசப்பன்: மூஞ்சி இன்னும் ஆவல.

சிந்துஜா: நேத்தும் இதான் சொன்னீங்க.

இருசப்பன்: நேத்தும் ஆவல.

சிந்துஜா: அப்ப ஏன் மூடி வெச்சிருக்கீங்க?

இருசப்பன்: வெயில்ல வெடிக்கும்.

சிந்துஜா: கையி, காலு, தொப்பை எல்லாம் வெயில்லதானே காயுது? அதெல்லாம் வெடிக்காதா?

இருசப்பன்: நீ படிச்ச பொண்ணுதான? படிச்சவங்களுக்கு பதிலு தெரியும்னு நெனைச்சேன். உனக்கு கேள்விதான் தெரியுது.

சிந்துஜா: எங்க வேலையே அதான் ஐயா.

இருசப்பன்: இதுக்கு சம்பளம் வேற குடுக்கறாங்களா... இந்தாண்ட வா, நிழலுக்கு. சொல்றேன். மூஞ்சிய நாளைக்கு காலையிலதான் தொறப்பேன். பாரதம் பதினெட்டாம் நாளு. பீமன் வேஷம் கட்டினவன் கதையத் தூக்கிக்கினு வர்றதுக்கு செத்த முந்தி. இருவது வருசமா அதான் வழக்கம். பொண்டாட்டிக்கே காட்னதில்ல.

சிந்துஜா: அப்புறம் பீமன் தொடையில அடிப்பாரு. திரௌபதி கூந்தல் முடிவா. ஜனங்க ஓடிவந்து ஆளுக்கு ஒரு பிடி மண்ணைப் பிச்சி எடுத்துட்டுப் போயி நெல்லு மூட்டையில போட்டுக்குவாங்க. மத்தியானத்துக்கு இந்த இடத்துல ஒண்ணும் இருக்காது. அதுக்குத்தான் ஐயா நான் வந்ததே. கம்ப்யூட்டர்ல ஏத்தி வெச்சா அம்பது வருஷம் கழிச்சும்...

இருசப்பன்: ஒண்ணும் இல்லாம போவத்தான் செய்றது.

சிந்துஜா: புரியுது. பாலின்னு ஒரு தீவு இருக்கு. அங்கயும் இப்படித்தான். ஆளு உயரத்துக்கு நாலு மடங்கு பேய் பொம்மை செய்வாங்க, மாசக்கணக்கா. ஒரே ஒரு நாள் ஊர்வலம் விட்டுட்டு எரிச்சிடுவாங்க. நான் அதையும் எடுத்து வெச்சிருக்கேன். கரைக்கறது, எரிக்கறது, அழிக்கறது... ஆசியாவுல எங்கெங்க இப்படி இருக்கோ எல்லாத்தையும் ஒரே இடத்துல சேக்கறேன்.

இருசப்பன்: அவன் எரிக்கணும்னு செய்றான், நீ எடுத்து எடுத்து வெக்கற. உன்னால அந்த ஊரு பேய்ங்களுக்குக் கூட போக்கு இல்ல.

சிந்துஜா: சிரிக்க வெக்காதீங்க, கேமரா ஆடுது.

இருசப்பன்: நேத்து என்ன எதுக்கு படம் புடிச்ச? அதுவும் கிழிஞ்ச காது பக்கமா. நல்ல காது ஒண்ணு இருக்குதே, அது உன் பொட்டிக்குத் தெரியலியா?

சிந்துஜா: செஞ்சவரு படம் ஒண்ணு வேணும்ல. எப்படி ஐயா கிழிஞ்சது?

இருசப்பன்: கல்யாணத்துக்கு கடுக்கன் போட்டாங்க. கன்னுக்குட்டி வந்து நக்கிச்சி. சிரிச்சேன். இழுத்துக்கினு போயிடுச்சி. அதையும் எழுதிக்க.

சிந்துஜா: எழுதறேன். சாயங்காலம் படம் காட்டறப்ப சொல்லிடறேன்.

இருசப்பன்: இன்னா படம்?

சிந்துஜா: தர்மகர்த்தா உங்ககிட்ட சொல்லலையா? ஆறு மணிக்கு அம்மன் கோயில் முன்னாடி வெள்ளைத் துணி கட்டறாங்க. பழைய துரியோதனன் படமெல்லாம் பெருசா காட்டப் போறேன். ஸ்டுடியோ ராஜேந்திரன்கிட்ட நெகட்டிவ் கிடைச்சுது. தொண்ணூத்தி ஒண்ணு, தொண்ணூத்தி அஞ்சு, தொண்ணூத்தி எட்டு.

இருசப்பன்: எட்டா?

சிந்துஜா: எட்டுதான்.

இருசப்பன்: அந்த வருசம் கமிட்டி போட்டோக்காரன கூப்புடலையே. எவன் எடுத்தது?

சிந்துஜா: யாரோ தனியா சொல்லி எடுக்க வெச்சாங்களாம். பேரு சொல்ல மாட்டேன்னுட்டாரு ராஜேந்திரன்.

இருசப்பன்: எட்டாம் வருசம் நல்லா வரல. மழ. மண்ணு எளகிடுச்சி. அத காட்டாத.

சிந்துஜா: இருக்கறதுலயே அதுதான் ரொம்ப தெளிவா வந்திருக்கு. மடி கம்ப்யூட்டர்லயே இருக்கு, பாக்கறீங்களா?

இருசப்பன்: வேணாம்... எங்க, காட்டு. ஒண்ணுந்தெரியல. கருப்பா இருக்குது.

சிந்துஜா: வெயிலு அடிக்குது. உங்க துண்டைத் தலையோட சேத்துப் போத்திக்கிட்டு பாருங்க. நானும் உள்ள வரேன். இப்ப தெரியுதா? மூணு மூஞ்சியும் பக்கத்துல பக்கத்துல.

இருசப்பன்: ம்.

சிந்துஜா: ஒரே கை, ஒரே மண்ணு, ஒரே துரியோதனன். ஆனா மூணும் மூணு ஆளு. தொண்ணூத்தி ஒண்ணுல மேல் உதடு பிளந்திருக்கு. அஞ்சுல ஒரு புருவம் மட்டும் மேல ஏறியிருக்கு. எட்டுல...

இருசப்பன்: எட்டுல ஒண்ணும் இல்ல.

சிந்துஜா: எட்டுல மூக்கு வளைஞ்சிருக்கு. இடது கன்னத்துல சுண்டைக்கா பெருசுல ஒரு மரு.

இருசப்பன்: கல்லு ஒட்டிக்கினு இருந்திருக்கும்.

சிந்துஜா: ஐயா, நான் ஒரு தப்பு செஞ்சிட்டேன். யாருகிட்டயும் சொல்லல, உங்ககிட்ட சொல்றேன். போன வருஷம் எனக்கு இந்த எட்டாம் வருஷத்து படம் மட்டும்தான் கிடைச்சிருந்தது. இத வெச்சே கட்டுரை எழுதிட்டேன். இடக் கன்னத்து மருவும் வளைந்த மூக்கும் இந்தப் பக்கத்து துரியோதனனுக்குத் தொன்றுதொட்டு வரும் அடையாளம்னு.

இருசப்பன்: ஒத்தப் படத்த பாத்தா?

சிந்துஜா: ஒத்தப் படம்தான். அது அச்சாயிடுச்சு. ஜப்பான்ல ஒரு பேராசிரியர் படிச்சிட்டு, அவங்க நாட்டு மர முகமூடியிலயும் அதே கன்னத்துல மரு இருக்குன்னு ஆறு பக்கம் பதில் எழுதியிருக்காரு.

இருசப்பன்: அந்தாளுக்கும் வேல இல்லியா...

சிந்துஜா: கேளுங்க. போன மாசம் வேங்கிக்கால் வீட்டுலேருந்து கெளம்பி, இந்த ஊருக்கு மொத தடவ வந்து இறங்கறேன். எதிர்ல தர்மகர்த்தா வராரு. வாம்மா, வழி தெரிஞ்சுதான்னு கேக்கறாரு. வளைஞ்ச மூக்கு. இடது கன்னத்துல மரு. எனக்கு அப்படியே பஸ் ஏறிடலாமான்னு ஆயிடுச்சு.

இருசப்பன்: ஏறியிருக்கலாம்.

சிந்துஜா: அது கோதண்டராமன் ஐயாதான?

இருசப்பன்: ஒலகத்துல மரு இருக்கறவன் அவன் ஒருத்தன்தானா?

சிந்துஜா: அப்ப உதடு பிளந்தவரு யாரு?

இருசப்பன்: ரோடு போட வந்த மேஸ்திரி. ஏரிக்கரை மண்ணையே வாரிப் போட்டு எங்க கிட்டயே ரோடுன்னு காட்னான்.

சிந்துஜா: ஒத்தப் புருவம்?

இருசப்பன்: கூத்துக்கு வந்த ஆர்மோனியக்காரன். பதினாலாம் நாளு நடுவுல வுட்டுட்டு வேற ஊருக்குப் போயிட்டான். கர்ணன் செத்தப்ப வெறும் தாளத்துல அழுதோம்... ஏ பாப்பா, நீ வாயப் புடுங்கற.

சிந்துஜா: மூஞ்சி ஒவ்வொண்ணும் ஊருக்குத் தப்பு செஞ்சவரு மூஞ்சி. அப்படித்தான?

இருசப்பன்: எழுதாத. பேனாவ கீழ வையி. வெச்சியா? ... சித்திரை பொறந்தா நான் ஊர ஒரு சுத்து சுத்துவேன். இந்த வருசம் எவன்னு பாப்பேன். எவன் நெனப்பு வந்தா வயிறு எரியுதோ அவன இங்க கொண்டாந்து படுக்க வெச்சிடுவேன். வாயால ஒரு வார்த்த சொல்றதில்ல. பீமன் அடிக்கறான், ஜனம் பிச்சி எடுத்துக்கினு போவுது. சாயங்காலம் நானும் அவனும் ஒரே பந்தியில குந்திக்கினு சோறு துன்றோம். கோவம் மண்ணோட போயிடுது. அதான் விசயமே. நீ அத புடிச்சி பொட்டியில வெச்சா, அது எப்ப போவும்?

சிந்துஜா: அவங்களுக்குத் தெரியவே தெரியாதா?

இருசப்பன்: முப்பத்தாறு அடிக்கு படுத்திருந்தா எவனுக்கு தன் மூஞ்சி தெரியும்? கிட்ட நின்னா மூக்கு ஓட்டைதான் தெரியும். நீதான் சுருக்கி சுருக்கி உள்ளங்கை சைசுல கொண்டாந்துட்ட.

சிந்துஜா: எட்டாம் வருஷம் தர்மகர்த்தா என்ன செஞ்சாரு?

இருசப்பன்: ஏரி மதக அடைச்சிட்டான். அவன் கரும்புக்கு தண்ணி நிக்கணும்னு. கீழ எனக்கு ரெண்டு காணி நெல்லு, பால் புடிக்கற நேரம். பதினோரு நாளு கேட்டேன். இதோ அதோன்னான்... அத வுடு. பழைய கத. இப்ப வர்ற புதன்கிழம எங்க பச்சையம்மாவுக்கும் அவன் புள்ள செழியனுக்கும் வெத்தல பாக்கு மாத்தறோம்.

சிந்துஜா: இந்த புதனா?

இருசப்பன்: நாலு நாளு இருக்குது. இன்னிக்கு சாயங்காலம் நீ வெள்ளத்துணியில மாப்பிள்ள அப்பன துரியோதனனா காட்டு. ஜனம் கைத் தட்டும். புதன்கிழம என் பொண்ணு தட்ட எடுத்துக்கினு எங்க நிப்பா? அந்தக் கேள்விய இப்ப கேளு.

சிந்துஜா: அந்த ஒரு படத்தை எடுத்துட்டா என் வேலை பொய்யாயிடும் ஐயா. ஏற்கெனவே ஒரு பொய்யை ஜப்பான் வரைக்கும் அனுப்பி வெச்சிருக்கேன்.

இருசப்பன்: மருவ மட்டும் அழி. பொட்டியில அழிக்க முடியுமாமே. செழியன் சொன்னான்.

சிந்துஜா: முடியும்.

இருசப்பன்: மூக்க செத்த நிமித்து.

சிந்துஜா: அதுவும் முடியும். ஆனா செய்ய மாட்டேன்.

இருசப்பன்: பாத்தியா. முடியும், ஆனா மாட்டேன். அவனும் இதே பேச்சுதான் பேசினான் மதகுமேல நின்னுக்கினு. உன் மூஞ்சிய அடுத்த வருசத்துக்கு எழுதி வெச்சிக்கறேன்.

கோதண்டராமன்: இன்னா மச்சான், ரெண்டு பேரும் துண்டுக்குள்ள பூந்துக்கினு? அந்தக் காலத்து போட்டோக்காரன் மாதிரி?

இருசப்பன்: மூடு, மூடு, பொட்டிய மூடு... வா கோதண்டம். தர்மகர்த்தா வெயில்ல வரலாமா? சொல்லியனுப்பி இருந்தா நானே வந்திருப்பேனே.

கோதண்டராமன்: மோரு கொண்டாந்தேன். என் வூட்டுக்காரி வெள்ளையம்மா குடுத்தனுப்பினா. சம்மந்தி வூட்டுக்கு மொத மொத குடுக்கறது, சிந்தாம கொண்டு போன்னா. நீயும் குடி பாப்பா. அது இன்னா உள்ள?

சிந்துஜா: பாலி தீவு பேய் பொம்மைங்க ஐயா.

இருசப்பன்: ஆமா, பேயி. நீ பாக்காத. புதன்கிழம நல்ல காரியம் இருக்குது.

கோதண்டராமன்: சாயங்காலம் ஊருக்கே காட்டப் போறத எனக்குக் காட்டக் கூடாதா? துணி கட்ட மூங்கி வெட்டினவன் நான்.

இருசப்பன்: பாட்டரி தீந்துடுச்சி.

சிந்துஜா: ஆமா, பாட்டரி...

கோதண்டராமன்: பச்ச லைட்டு எரியுதே மச்சான். இந்தா மோரு சொம்பப் புடி. துண்ட குடு... ம். எங்க தொறக்கறது, இப்பிடியா? ஆங். வந்துடுச்சி. இது மேஸ்திரி. இது ஆர்மோனியம். இது...

இருசப்பன்: கோதண்டம், அது மழையில எளகின...

சிந்துஜா: ஐயா, தப்பு என்மேலதான். நான்தான்...

இருசப்பன்: துண்டுக்குள்ள இன்னா செய்றான்? அழுவறானா? தோளு குலுங்குது பாரு. பாப்பா, நீ கெடுத்துட்ட. இருவது வருசத்து வேலைய ஒரு பொட்டியில வெச்சி கெடுத்துட்ட. கோதண்டம், வெளிய வா. என்ன ரெண்டு அடி அடி. புதன்கிழமைய மட்டும்...

கோதண்டராமன்: மூக்கு ஜாஸ்தி.

இருசப்பன்: இன்னா?

கோதண்டராமன்: மூக்கு. ஒரு சாண் ஜாஸ்தியா வெச்சிட்ட மச்சான். எங்கப்பன் மூக்கு அது. என்து இவ்ளோ இல்ல. ஆறு வருசமா சொல்லணும் சொல்லணும்னு... ஐயோ, சிரிச்சி சிரிச்சி வயிறு வலிக்குது. மோர குடு.

சிந்துஜா: உங்களுக்குத் தெரியுமா?

கோதண்டராமன்: ராஜேந்திரன வரச் சொல்லி எடுக்க வெச்சதே நான்தான். தென்ன மரத்து மேல ஏத்தி வுட்டேன், முழுசா படத்துல வுழணும்னு. பிரேம் போட்டு டிரங்கு பொட்டியில வெச்சிருக்கறேன்.

இருசப்பன்: நீ எப்பிடிக் கண்டுபுடிச்ச? கிட்ட நின்னா தெரியாதே.

கோதண்டராமன்: நான் எங்க கண்டுபுடிச்சேன்? வெள்ளையம்மா. அன்னிக்கு காலையில கூட்டத்துல நின்னுக்கினு அதையும் பாக்கறா, என்னையும் பாக்கறா. பீமன் தொடையில அடிச்சான். எனக்கு இந்தத் தொட சுரீர்ங்குது. அவ சொன்னா, வூட்டுக்கு வராத, நேரா போயி மதகத் தொறந்துட்டு வான்னா. ஜனம் இங்க மண்ணு எடுத்துக்கினு இருக்குது, நான் ஏரியில கழுத்தளவு தண்ணியில நின்னுக்கினு பலக புடுங்கறேன்.

இருசப்பன்: அது... அம்மன் தொறந்து வுட்டது. நான் சூடம் கொளுத்தினேன்.

கோதண்டராமன்: நீ கொளுத்தின. நான் முங்கினேன்.

சிந்துஜா: அப்ப சாயங்காலம் இந்தப் படத்தை...

கோதண்டராமன்: காட்டும்மா. கீழ பேரு போட்டு காட்டு.

இருசப்பன்: போடாத.

கோதண்டராமன்: போடு. இனிஷியலோட போடு. பேத்தி பேரன் பொறந்து பாக்க வேணாமா? அவன் தாத்தா ஒரு நாளு முப்பத்தாறு அடி இருந்தான்னு.

சிந்துஜா: முப்பத்தி நாலரை.

இருசப்பன்: முப்பத்தாறு.

சிந்துஜா: ஐயா, உங்க மரு ஜப்பான் வரைக்கும் போயிடுச்சு. அத நான் எப்படியாவது திருத்தி எழுதணும்.

கோதண்டராமன்: எதுக்குத் திருத்தற? ஜப்பான்ல இருக்கட்டும். எங்க சாதிசனத்துல எவன் மரு கப்பல் ஏறிச்சி?

இருசப்பன்: நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் கெட்டுப் போயிருக்கறீங்க. நான் சொன்னேன் பாப்பா, மண்ணு போனா கோவமும் போயிடும்னு. இவன் சிரிக்கறான் பாரு. இதுக்குத்தான் போட்டோ தேவையில்லன்றேன். மண்ணோடவே எல்லாம் தீந்து போச்சி.

கோதண்டராமன்: எனக்குத் தீந்துச்சி மச்சான். உனக்குத் தீரலியே.

இருசப்பன்: எனக்கின்னா?

கோதண்டராமன்: செழியனுக்கு பொண்ணு கேட்டு எத்தினி வாட்டி வந்தேன்?

இருசப்பன்: வந்த.

கோதண்டராமன்: மூணு வாட்டி. ரெண்டு வருசத்துல. புள்ளைங்க ரெண்டுக்கும் ஒருத்தர ஒருத்தர் புடிச்சிப் போயித்தான் கேக்கறேன்னு கூட சொன்னேன். மதக அடைச்சவன் வூட்டு வாசப்படிய என் பொண்ணு மிதிக்க மாட்டாளுன்ன. போன மாசம் திடுதிப்புனு நீயே வந்து சரின்ன. ஏன்னு நான் கேக்கல. கேட்டா மறுபடி முறுக்கிக்குவியேன்னு பயம்.

இருசப்பன்: வெயில் ஏறுது. மூஞ்சிக்கு தண்ணி தெளிக்கணும்.

கோதண்டராமன்: அது சரி, இந்த வருசம் ஆரு? எங்க வூட்ல வெள்ளையம்மா பால் சொசைட்டிக்காரன்றா. செழியன் இந்தப் பாப்பான்றான்.

சிந்துஜா: நானா?

கோதண்டராமன்: மூணு வாரமா அந்தாள தூங்கவுடாம கேள்வி கேட்டா? ... மச்சான், காத்துல சாக்கு ஓரமா தூக்குது.

இருசப்பன்: தூக்கட்டும். கிட்ட போவாத.

கோதண்டராமன்: போவல. இங்கிருந்தே தெரியுது. துரியோதனனுக்கு ஏன் காது கிழிஞ்சிருக்குது?

இருசப்பன்: குண்டலம். ராசா இல்லியா, வெயிட்டு ஜாஸ்தி.

கோதண்டராமன்: ஒரு காதுக்கு மட்டுமா?

இருசப்பன்: இன்னொண்ண அடகு வெச்சிட்டான். சண்ட காலம்.

சிந்துஜா: ஐயா... நான் இன்னொண்ணும் சொல்லணும். காலையில வெள்ளாடு ஒண்ணு சாக்கை இழுத்துப் போட்டுடுச்சு. ஊருல ஒருத்தரும் எழுந்திருக்கல. நான்தான் திரும்பப் போத்திவிட்டேன். போத்தறதுக்கு முன்னாடி... ஒரே ஒரு படம் எடுத்துட்டேன்.

இருசப்பன்: எடுத்துட்டு, காலையிலேருந்து தொறந்து காட்டுங்க, தொறந்து காட்டுங்கன்னு கேட்டியா?

சிந்துஜா: நீங்களா காட்டணும்னு ஆசைப்பட்டேன். கம்ப்யூட்டர்ல போட்டு ஊர்ல எடுத்த எல்லார் படத்தோடயும் வெச்சுப் பாத்தேன். ஒருத்தரோட மட்டும் பொருந்துது. காதுலேருந்து கீழ்வரிசையில இல்லாத பல்லு வரைக்கும்.

கோதண்டராமன்: மச்சான்...

இருசப்பன்: உன் பொட்டி மருவப் பாத்துட்டு ஜப்பானுக்குப் போன பொட்டி. அது சொல்றத நான் நம்பணுமா?

சிந்துஜா: வேணாம்னு சொல்லுங்க. இப்பவே, உங்க கண்ணு முன்னாடியே அழிச்சிடறேன்.

இருசப்பன்: துரியோதனன் செஞ்ச தப்பு இன்னான்னு தெரியுமா உனக்கு? படிச்சிருப்ப. தூது வந்தவன்கிட்ட, ஊசி முனை இடம் கூட குடுக்க மாட்டேன்னான். கண்ணனே வந்து வாசல்ல நிக்கறான். மாட்டேன்னான். மூணு வாட்டி வந்தான், மூணு வாட்டியும் மாட்டேன்னான்.

சிந்துஜா: தூது ஒரு தடவதான ஐயா?

இருசப்பன்: மூணு. வந்தவனுக்கு ஒரு சொம்பு மோரு கூட குடுக்கல, அந்தப் பாவி.

கோதண்டராமன்: பாரதத்துல மோரு எங்க மச்சான் வருது?

இருசப்பன்: வருது. நீ கூத்துல தூங்கியிருப்ப. இந்த வருசமும் சித்திரையில ஊர ஒரு சுத்து சுத்தி வந்தேன். எவனும் சிக்கல. எல்லாம் யோக்கியனாயிட்டானுங்க. சரின்னு வூட்டுக்குத் திரும்பினா, பொண்ணு கெணத்தடியில பாத்திரம் தேச்சிக்கினு இருக்குது. தேச்ச சொம்பையே தேய்க்குது. நான் வந்து நின்னத பாக்கல. பேசாம கெணத்துத் தண்ணியில மூஞ்சி கழுவலாம்னு குனிஞ்சேன்... அவ்ளோதான். மண்ணுக்கு சொல்லி அனுப்பிட்டேன்.

கோதண்டராமன்: வா மச்சான், உக்காரு. இந்தா, மோரு.

இருசப்பன்: வேணாம். நீயும் உக்காராத, மண்ணு ஈரம்.

சிந்துஜா: படத்தை என்ன செய்யட்டும் ஐயா? அழிக்கவா?

இருசப்பன்: அது ஆரு மூஞ்சியோ, எனக்கின்னா? உன் பொட்டி, உன் பாடு. உன் டேப்பையும் நான் ஒத்துக்கல, பொட்டியையும் ஒத்துக்கல. அம்பது வருசம் கழிச்சி பாக்கறவன் பாக்கட்டும், எனக்கு அதுல நம்பிக்க இல்ல.

கோதண்டராமன்: எங்க போற? இன்னும் பேச்சு முடியல.

இருசப்பன்: ஏரிக்கு. கை கழுவ. மதகு தொறந்துதான இருக்குது?

கோதண்டராமன்: ஆறு வருசமா தொறந்துதான் இருக்குது. மோர குடிச்சிட்டுப் போய்யா.

இருசப்பன்: வந்து குடிக்கறேன், மூடி வையி... ஏ பாப்பா. நீ போயி பச்சையம்மாகிட்ட ஒண்ணு சொல்லு. நான் சொன்னா ஏன்னு கேப்பா. நாளைக்கு பீமன் அடிச்சி முடிச்சதும், ஜனம் ஓடியாறதுக்கு முந்தி, மொதப் பிடி மண்ணு அவதான் எடுக்கணும். கிழிஞ்ச காதுப் பக்கமா எடுக்கச் சொல்லு. அங்கதான் சுளுவா வரும்.